விண்ட்சர் கோட்டை: ஒரு நாள் ஒதுக்கிப் போகலாமா?

லண்டனுக்கு வரும் பயணிகளுக்கு விண்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், பாத் நகரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடும் பேருந்துச் சுற்றுலாக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. விண்ட்சரைப் பொறுத்தவரை அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஊரை அடைந்துவிடலாம். பாடிங்டனிலிருந்து புறப்பட்டு ஸ்லவ் நிலையத்தில் வண்டி மாறுவது இன்னொரு வழி. இரண்டு வழிகளிலும் இறங்கும் இடத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் ஆகிறது. சிறிய தொகை அல்ல. ஆனால் அதற்கு ஈடானது உள்ளே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் எழுப்பிய இக்கோட்டை இன்றும் அரச இல்லமாகவே இருப்பதால், அருங்காட்சியகமாக மாறிப்போன அரண்மனைகளில் தென்படும் வெறுமை இங்கு இல்லை. செவ்வாய், புதன் கிழமைகளில் பொதுவாகப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடப்பதால் கோட்டைக்குள் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தைச் சுற்றிப்பார்க்க இயலாது. தேவாலயம் இல்லாத விண்ட்சருக்கு முழுக் கட்டணம் கொடுப்பது வீண் என்பதால், வியாழன் முதல் சனி வரை அல்லது திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

1475ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு தொடங்கி, எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1528இல் முடிந்த அந்தத் தேவாலயத்தின் கல் விதானத்தை அண்ணாந்து பார்த்தபடியே மக்கள் நகர்கிறார்கள். சற்றுக் குனிந்து தரையையும் பார்க்க வேண்டும். ஆறு மனைவியரை மணந்து, நாட்டின் மதத்தையே மாற்றியமைத்த எட்டாம் ஹென்றி, தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லசுடன் ஒரே நிலவறையைப் பகிர்ந்துகொண்டு, ஒரு கரும்பளிங்குப் பலகைக்குக் கீழே கிடக்கிறார். இரண்டாம் எலிசபெத்தின் கல்லறையும் இதே கட்டடத்தின் சிறு பக்க அறையில், பெற்றோர், கணவர் ஆகியோரின் பெயர்களுடன் எளிமையாகவே அமைந்துள்ளது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லாததால் கூட்டம் எங்கும் தேங்குவதில்லை. இந்த விதியை மற்ற இடங்களும் பின்பற்றலாம்.

அரச மாளிகை அறைகளில் நம்மவர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டியது, முன்கூடத்துக் கண்ணாடிப் பேழையில் இருக்கும் திப்பு சுல்தானின் பொன் புலித்தலை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவருடைய அரியணையை உடைத்துப் பங்கிட்டார்கள். அந்த அரியணையில் இருந்த, படிகப் பற்களுடன் கூடிய இந்தத் தலை பின்னர் ஆங்கில அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. ஆயுதங்களும் போர்ச் சின்னங்களும் அடுக்கிய அந்த அறையே ஒரு வெற்றி அறிவிப்பாக அமைந்திருப்பதால், அங்கே வியப்பை மட்டும் உணர்ந்து வெளியேறுவது நமக்கு எளிதல்ல.

1992 நவம்பர் 20 அன்று, ஒரு விளக்கின் வெப்பத்தில் திரைச்சீலை பற்றிக்கொண்டு பரவிய தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமடைந்தன. அப்போது கூரையை இழந்த புனித ஜார்ஜ் மண்டபத்துக்கு, இடைக்காலத் தச்சு முறையைப் பின்பற்றிப் புதிய ஓக் மரக் கூரை வேயப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் முடிந்த அந்தச் சீரமைப்புக்கான செலவில் பெரும்பகுதி, பக்கிங்ஹாம் அரண்மனையைக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டதால் கிடைத்தது. கூரையில் வரிசையாகப் பதித்த கேடயங்களில் சில வெள்ளையாக இருக்கும். அவை, மன்னர் வழங்கும் உயரிய வீரர் பட்டமான கார்ட்டரிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு உரியவை. புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் உருவாக்கிய பொம்மை வீட்டைப் பார்க்க வரிசை நீளும். குழந்தைகள் உடன் இருந்தால் காத்திருக்கலாம்.

கோட்டையை விட்டு இறங்கினால் வரும் ஊர் அழகானதுதான், ஆனால் கோட்டையின் தரத்தில் இல்லை. கடைவீதியில் பெரும்பாலும் நினைவுப் பொருள்களே விற்கிறார்கள். ஹீத்ரோ விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறந்த வண்ணம் இருக்கின்றன. நகர மண்டபத்தின் உள் தூண்கள் கூரையைத் தொடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, வாகனங்கள் செல்லாத பாலத்தின் வழியே தேம்ஸைக் கடந்து, 1440இல் தொடங்கப்பட்ட ஈட்டன் பள்ளியின் தெருவரை நடப்பது பிற்பகலுக்குப் போதுமானது. கோட்டையிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் நேராக நீளும் 'லாங் வாக்' பாதையின் மறுகோடிவரை செல்ல எண்ணுபவர்கள், திரும்பவும் அதே தூரம் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்டு, ஈட்டனையோ இதையோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.