ஆத்துக்குச் சரி, கழிமுகத்துக்கு ஆகாத ராடு

போன தை மாசம் ஈரோட்டில் ஒரு தூண்டில் கடையில் ஒன்றுக்குள் ஒன்று கணுக்கணுவாக இறங்கும் ஏழடி மடக்கு ராடும் நரம்பு சுற்றும் ரீலும் சேர்த்து 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். "ஆத்துக்கும் ஆகுங்ணா, கடலுக்கும் ஆகுங்ணா, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்திருக்கிறேன் என்பது பங்குனியில் தெரிந்தது.

நான் பவானிக்காரன். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் காவிரியில் வருவது பெரும்பாலும் குடிதண்ணீருக்கு விடுவதுதான். ஆனால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணை இருப்பதால் தேங்கின இடங்களில் மீனுக்குக் குறைவில்லை. வெயில் ஏறினால் மேல்தண்ணி சூடாகி, மீன் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் விடிகாலை ஐந்தரைக்குப் போட்டு எட்டு மணிக்குச் சுருட்டிவிடுவேன். கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டை, 0.35 மி.மீ. தூண்டில் நரம்பு, ஒரு ஈயக்குண்டு, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ராடு நன்றாகவே இருக்கிறது. நுனி கொஞ்சம் தடிமன், ஜிலேபி வந்து கொத்துவது கைக்குத் தெரியாது, தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மாசிக் கடைசியில் ரெண்டு கிலோ ரோகு ஒன்று மாட்டி இழுத்தபோது, கருது முத்தின சோளத்தட்டு மாதிரி வளைந்து கொடுத்ததே தவிர, ஒரு கணுவும் முனகவில்லை. அன்றைக்கு எழுதியிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன்.

பங்குனி உத்திரத்துக்கு ஊரே கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்குப் போக, நான் மட்டும் ராடைத் தூக்கிக்கொண்டு கிழக்கே பரங்கிப்பேட்டைக்குப் போனேன். "விரத மாசத்துல மீன் பிடிக்கப் போறீங்களா, சட்டி கிட்டி கேட்டுட்டு என்கிட்ட வராதீங்க" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அங்கே வெள்ளாறு கடலில் சேருகிறது. சேலம் பக்கத்து வசிஷ்ட நதித் தண்ணீரும் அதில்தான் போகிறது என்பதால் எனக்குக் கொஞ்சம் உறவு முறை. நம்ம ஆற்றில் கதவைத் தூக்கினால் தண்ணீர் ஏறும், இறக்கினால் வடியும். அங்கே நிலா தூக்குகிறது. முதல் நாள் காலை ஒன்பது மணி வாக்கில் நிறைந்த தண்ணீர் மறுநாள் பத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் நிறைந்தது. மூணடிக்குள்தான் ஏற்றம், ஆனால் பௌர்ணமியை ஒட்டின நாள் என்பதால் வடியும்போது இழுப்பு பலமாக இருந்தது. "நின்ன தண்ணில என்ன தம்பி போடுற, வடிய ஆரம்பிக்கட்டும், கொடுவா வாய்க்கா முனையில வந்து நிக்கும்" என்றார் படகுக்காரப் பெரியவர். உயிர் இறாலைக் கோத்து உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் ராடு பல்லிளித்தது. என்னிடம் இருந்த 20 கிராம் ஈயத்தை அந்த ஓட்டம் உருட்டிக்கொண்டே போய்ப் பாசியில் சொருகியது. பெரியவர் கொடுத்த 40 கிராமைக் கட்டி வீசினேன். நுனியிலிருந்து ரெண்டாவது கணு சரக்கென்று உள்ளே இறங்கி, நரம்பு ஓடும் வளையம் திரும்பி, நரம்பு ராடைச் சுற்றிக்கொண்டது. மறுபடி இழுத்துத் திருகி வீசினேன், மறுபடி அதே கதை. பக்கத்தில் ஒரு பையன் வெறும் கையால் நரம்பைச் சுழற்றி வீசி ரெண்டு மடவை எடுத்துவிட்டான்.

ஊருக்கு வந்து நாலாம் நாள் ரீலைச் சுற்றினால் கரகரவென்று அரைக்கிறது. ரீலில் நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தின் சுருளில் துரு. உப்புத்தண்ணியில் போட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டுமாம். அலசாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலுக்கு ஆகும் என்று விற்றவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? கொண்டுபோய்க் காட்டினேன். "உப்புல போட்டா வாரண்டி இல்லீங்ணா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

காவிரிக்கு, பவானிக்கு, குளம் குட்டைக்கு என்றால் ராடை வாங்கலாம். கணு சேரும் இடத்தை மட்டும் துணியால் துடைத்து மாட்டுங்கள், ஒரு மணல் பரல் போதும் சிக்கிக்கொள்ள. ரீல் வேண்டாம், அதைத் தனியாக நல்லதாகப் பாருங்கள். போன ஞாயிறு மச்சான் வந்து ராடை இரவல் கேட்டார். ரீலோடவே கொடுத்தேன், அவரே சுத்திப் பார்க்கட்டும்.