மாடி சோலார்: ஆன்-கிரிட்டா, ஹைபிரிட்டா?

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி அடுக்குமாடிக்காரர்களுக்கு இருக்கும் குழப்பம் இது: சோலாரை மின்வாரிய லைனோடு மட்டும் இணைப்பதா (ஆன்-கிரிட்), பேட்டரியும் வைத்துக் கட்டடத்துக்கென ஒரு குட்டி மின்வலையே அமைப்பதா (ஹைபிரிட்)?

செலவு: ஆன்-கிரிட் மலிவு. ஹைபிரிட்டில் பேட்டரியே பெரிய தொகையை விழுங்கிவிடும்.

கரண்ட் போனால்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெயில் கொளுத்தினாலும் லைனில் மின்சாரம் இல்லையென்றால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! ஹைபிரிட், லைனைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓடும். ஆனால் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்குத் தனி வயரிங் வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும்.

ஆயுள்: பேனல் இரண்டிலும் சுமார் 25 ஆண்டு. பேட்டரிக்கு எதிரி நம்ம ஊர் 40 டிகிரி வெயில். மொட்டைமாடித் தகர ஷெட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பில் குறைந்தால் போதுமா? ஆன்-கிரிட். சிஎம்சி மருத்துவமனை நோயாளிகள் தங்கும் லாட்ஜ் மாதிரி, லிஃப்ட் நிற்கவே கூடாத இடமா? ஹைபிரிட். ஜெனரேட்டர் ஏற்கெனவே இருந்தால், என்னைக் கேட்டால், இப்போதைக்கு ஆன்-கிரிட் போதும். லிஃப்ட், மோட்டார், விளக்குக்கான வயரிங்கை மட்டும் இப்போதே தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள், பேட்டரியை அப்புறம் சேர்க்கலாம்.