றப்பர் படகுப் பசையைச் சோதிக்கத் தொங்கு தராசு போதுமா?

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் பீவிசி படகுக்கு ஒட்டுப்போடுபவர்களுக்கு 50 கிலோ டிஜிட்டல் தொங்கு தராசு தாராளமாய்ப் போதும். அதிலுள்ள 'ஹோல்ட்' வசதியை மட்டும் நம்பவேண்டாம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது ஒட்டு உரியும்போது வரும் இழுவிசையின் சராசரி. திரையைப் போனில் வீடியோ எடுங்கள்.

படகுத் துணியில் 25 மி.மீ அகலப் பட்டிகள் இரண்டை ஒட்டி, நுனியில் 75 மி.மீ ஒட்டாமல் விடுங்கள். ஒரு வாரம் இறுகட்டும். பிறகு ஒட்டாத இரு நுனிகளையும், அதாவது வால்களை, ஒன்றில் தராசை மாட்டி எதிரெதிராக, நிமிடத்துக்கு 25 செ.மீ வேகத்தில் இழுக்கவேண்டும். கையால் இழுத்தால் எண் துள்ளும். சின்னக் கைவிஞ்ச் நல்லது. முதல் எகிறலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சராசரி 5 கிலோ என்றால் பட்டி அகலத்தில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 நியூட்டன். முறிவு ஆற்றலுக்கு, அதாவது ஒட்டைப் பிரிக்கச் செலவாகும் சக்திக்கு, வால்கள் இருபக்கமும் விரியும் இந்த 'டி' (T) வடிவில் அதை இரட்டிக்கவேண்டும்: சதுர மீட்டருக்கு 4000 ஜூல் அளவு. துணி வளைவதில் போன சக்தியும் அதற்குள் அடக்கம்.

எண்ணைவிட உரிந்த முகம்தான் அதிகம் சொல்லும். பசை முழுவதும் ஒரே பக்கம் பளபளவென்று நின்றால் மற்றப் பக்கம் சரியாகத் துடைபடவில்லை, அல்லது மாரிகால ஈரம் படிந்திருக்கிறது. பீவிசி பூச்சே நூலிலிருந்து கழன்றால் பசையில் குறையில்லை, துணிதான் மட்டம்.

உப்புக்காற்றில் தராசின் கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கிறது.