வீட்டைத் தூக்குவதா, ரோட்டைச் சுரண்டுவதா?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். அதன் பிறகு இரண்டு பெரிய செலவுகள் செய்தேன். 2017இல் ஜாக்கி வைத்து வீட்டை மூன்றரை அடி தூக்கினேன். 2024இல் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன்.

புவி வெப்பமாதல் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். கரியமில வாயுவை இப்போதே குறைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வருவது வரட்டும், தடுக்கச் செலவழிப்பதைவிட வந்ததைச் சமாளிப்பது மலிவு என்பது இன்னொன்று. இரண்டும் என் வீட்டிலேயே குடியிருக்கின்றன: சமாளிப்பு அஸ்திவாரத்தில், தடுப்பு மொட்டைமாடியில். இரண்டுக்கும் பணம் கட்டியவன் என்ற முறையில் என் கணக்கை எழுதுகிறேன். நான் மொட்டைமாடிக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூமி சூடாகிறதா என்ற கேள்விக்குள் போகவில்லை. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரி அதிகமாகப் பதிவான முதல் ஆண்டு 2024. அந்த வழக்கு முடிந்துவிட்டது.

என் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 2015 மழைக்குப் புவி வெப்பமாதல் காரணமா என்று விஞ்ஞானிகள் உடனேயே ஆராய்ந்து பார்த்தார்கள். அதனால் அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு கூடியது என்பதற்குத் தடயம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்குச் சதுப்பு நிலத்தைத் தூர்த்ததே போதுமான காரணம். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த பள்ளிக்கரணையில் இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் சிறு துண்டுதான். அந்த மண்மேட்டில் ஒரு மனை என்னுடையதும். ஆகவே 2015ஐக் காட்டி நான் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை.

சமாளிப்புக் கட்சியின் பலத்தை முதலில் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருவில் படகு ஓடியது. எங்கள் கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஐந்தரை லட்சம் செலவுக்கு ஒரே ராத்திரியில் பலன் தெரிந்தது. சோலார் அப்படி எதையும் தராது. என் தகடுகள் வருடத்துக்குச் சுமார் 4,300 யூனிட் தருகின்றன. நிலக்கரி மின்சாரத்தோடு ஒப்பிட்டால் தோராயமாக நான்கு டன் கரியமில வாயு மிச்சம். உலகம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து வருடத்துக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் விடுகிறது. கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். நான் குறைப்பதால் என் தெருவில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் குறையாது.

இதையே நாட்டளவில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு இந்தியருக்குச் சராசரியாக வருடம் இரண்டு டன், ஒரு அமெரிக்கருக்குப் பதினான்கு டன் அளவுக்கு. அமெரிக்காவோ வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு ஒரு தடவை வெளியேறி, மறுபடி சேர்ந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் வெளியேறும் உத்தரவில் கையெழுத்துப் போட்டது. நாம் மட்டும் ஏன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கப் போவதில்லை.

பொருளாதாரக்காரர்களின் சண்டை வேறு மாதிரி. அது முழுக்க வட்டிக் கணக்கு. நூறு வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? 2006இல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை தந்த நிக்கலஸ் ஸ்டெர்னைப் போல 1.4 சதவீதம் வைத்தால் சுமார் 25,000 ரூபாய். நாலரை சதவீதம் வைத்தால் 1,200 சொச்சம்தான். வில்லியம் நோர்தாஸ் போன்றவர்கள் ஸ்டெர்னின் விகிதம் மிகக் குறைவு என்று வாதிட்டார்கள். நோர்தாஸ் சும்மா இருக்கச் சொன்னவர் அல்ல. கரியமிலத்துக்கு வரி போட்டு மெல்ல மெல்ல ஏற்றலாம் என்பவர்; 2018இல் நோபலும் வாங்கினார். எந்த விகிதம் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் இந்தக் கணக்கில் நஷ்டம் ஒரு தடவை வந்துவிட்டுப் போவதாக நான் வைத்துக்கொண்டேன் பாருங்கள், வீட்டைத் தூக்கியவனுக்கு இடறுவது அங்கேதான்.

வீட்டைத் தூக்குவது எப்படி என்று பார்க்காதவர்களுக்காக: அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, சுற்றிலும் இரும்புச் சட்டம் கொடுத்து, நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளைச் செருகுவார்கள். வடக்கிலிருந்து வந்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து ஒரே அளவில் திருகுவார்கள். வீடு நூல் நூலாக எழும்பும். பார்க்கத் திகிலாகவும் அழகாகவும் இருக்கும். எழும்பியதும் அடியில் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு ஜாக்கிகளை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டேஷன் அத்தோடு முடிந்துவிடும்.

செலவு முடியாது. எங்கள் வீட்டில் முதலில் சன்ஷேடு ஓரத்தில் விரிசல் விட்டது. பிறகு குளியலறைக் குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கசிந்தன. வீடு மேலே போனது, சம்ப் கீழேயே நின்றது. மழை வந்தால் தெருச் சாக்கடை நேராக அதற்குள் இறங்கும். அதற்கு வாய் உயர்த்திக் கட்டினேன். காருக்கு ரேம்ப் செங்குத்தாகிவிட்டது. முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா வாசலுக்கு ஏழு படி இறங்க வேண்டும். கைப்பிடி வைத்தோம், அப்படியும் அவர் தெருவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான், அதாவது மில்லிங் செய்துவிட்டுத்தான், புதிது போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. எங்கள் தெருவில் அப்படியே மேலே போட்டார்கள். 2017க்குப் பிறகு இரண்டு தடவை. மூன்றரை அடியில் முக்கால் அடி போய்விட்டது. நான் வாங்கியது உயரம் என்று நினைத்திருந்தேன். வாங்கியது கொஞ்சம் அவகாசம்.

சமாளிப்பு மலிவு என்பவர்கள் பதில் சொல்லாமல் கடந்து போவது இந்தப் பராமரிப்புக் கேள்வியைத்தான். எதிர்த்து நிற்கும் பொருள் ஓரிடத்தில் நின்றால்தான் ஒரு தடவைச் செலவு. அது வளர்ந்துகொண்டே இருந்தால் ஆயுளுக்கும் தவணை. லண்டனைக் காக்கும் தேம்ஸ் தடுப்பணை 1982 முதல் இயங்குகிறது. 1980களில் அதை மொத்தமே நான்கு தடவைதான் மூடினார்கள். 1990களில் 35. 2000களில் 75. 2013-14 குளிர்காலம் ஒன்றில் மட்டும் 50. அந்த வருடம் பெரும்பாலும் ஆற்று வெள்ளத்தோடு மல்லுக்கட்டத்தான் மூடினார்கள், எல்லாப் பழியையும் கடல்மட்டத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் எப்போதாவது தேவைப்படும் என்று கட்டிய கதவை அடிக்கடி மூடித் திறக்க வேண்டியிருந்தால் அதன் ஆயுளும் செலவும் வேறு.

கரியமில வாயுவின் குணமும் எங்கள் தெரு ரோடு மாதிரிதான். விட்டதில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே கிடக்கும். ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் கணக்குப்படி ஒரு லட்சம் கோடி டன்னுக்குச் சுமார் 0.45 டிகிரி ஏறுகிறது. காடழிப்பையும் சேர்த்து உலகம் இப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 கோடி டன் விடுகிறது. பெருக்கிப் பார்த்தால் வருடத்துக்கு 0.018 டிகிரி. ஒரு படலம் தார். உமிழ்வை அடியோடு நிறுத்தினால் வெப்பம் ஏறுவது ஏறக்குறைய நிற்கும், ஆனால் இறங்காது. ஏற்கெனவே போட்ட தார் அப்படியே கிடக்கும். சுரண்டும் இயந்திரம் பெரிய அளவில் இன்னும் யாரிடமும் இல்லை. ஆகவே பத்து வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது நடுநிலை அல்ல, பத்துப் படலம் கூடுதலாகப் போட்டுவிட்டுப் பார்ப்பது.

நான் தூக்கியதும் தண்ணீர் எங்கே போனது என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா பென்ஷனில் காலம் தள்ளுபவர், தூக்க வசதியில்லை. 2015இல் எங்கள் இரண்டு வீட்டிலும் தண்ணீர் ஒரே மட்டம். 2023இல் என் காலி இடத்தையெல்லாம் மண் கொட்டி மேடாக்கியிருந்தேன். அங்கே நிற்க வேண்டிய தண்ணீரும் அவர் வீட்டுக்குள் நின்றது. “உங்களைச் சொல்லி என்ன தம்பி, எல்லாரும்தானே தூக்குறாங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. புதுச்சேரியில் நடந்தது இதன் பெரிய வடிவம். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டியதும் வடக்கே மணல் வரத்து நின்றது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் மீனவர்களின் கரையைத் தின்றது. அதற்குக் காரணம் துறைமுகம்தான், புவி வெப்பம் அல்ல. ஆனால் கல் கொட்டிச் சமாளிப்பது எப்படிப் பக்கத்து ஊர்க்காரர் தலையில் விடியும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை. என் சோலாரின் பலன் எனக்கு வராமல் ஊருக்குப் போகிறது என்று குறைபட்டேன் இல்லையா? வீட்டைத் தூக்கியதில் கேடுதான் ஊருக்குப் போனது.

இனி மாடிக்கு வருகிறேன். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் போக என் கையிலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சம். பராமரிப்பு என்றால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை விடியற்காலையில் குழாய் பிடித்துக் கழுவுவது. புறாக்கள்தான் தொல்லை. கோடையில் ஒரு நாளைக்கு 13 யூனிட் வரை வரும், கார்த்திகையில் மூட்டம் போட்டால் நாலு. தகட்டு நிழலால் கீழறையில் இரவுப் புழுக்கம் குறைந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குறை ஒன்று: பேட்டரி இல்லாத இணைப்பு என்பதால் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலன்று மாடியில் அத்தனை தகடு இருந்தும் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம்.

நாட்டளவில் எனக்குத் தெம்பு தருவது விலை. 2010இல் இந்தியாவில் சூரிய மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல். 2017இல் ராஜஸ்தானின் பத்லாவில் ஏலம் 2.44 ரூபாய்க்கு முடிந்தது. 2020இல் குஜராத்தில் 1.99. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா எழுந்ததும் இந்த இடைவெளியில்தான். முதலில் ஜெர்மனி போன்ற நாடுகள் நஷ்டத்துக்கு வாங்கியதால் சந்தை வளர்ந்தது, சீனத் தொழிற்சாலைகள் குவித்தன, விலை சரிந்தது. குறைப்புக்குச் செலவழிக்கச் செலவழிக்க அடுத்தவனுக்கு மலிவாகிறது. வீடு தூக்கும் கூலி 2017இலிருந்து ஏறித்தான் இருக்கிறது. நாம் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி என்னிடம் இல்லை.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. சோலார் போட்டு முழுதாகச் சில வருடம்கூட ஆகவில்லை. இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு வருடம் வரும், தகடு இருபத்தைந்து வரும் என்கிறார்கள், நான் பார்த்தது இல்லை. சொந்த மொட்டைமாடி இருப்பவனின் பேச்சு இது. நாலு மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த ஒப்பீட்டில் பாதி பொருந்தாது. மாலை ஏழு மணிக்கு மேல் என் வீடும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. பேட்டரி அதை மாற்றுமா என்று ஆசைப்படலாம், அடித்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் முடிச்சூரிலிருந்து என் மச்சான் கூப்பிட்டான். கையில் ஐந்து லட்சம் இருக்கிறதாம், ஒன்றுதான் செய்ய முடியும், எதைச் செய்யட்டும் என்றான். இவ்வளவும் எழுதுகிற நான், தூக்கு என்றுதான் சொன்னேன். அவன் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, சின்னக் குழந்தை இருக்கிறது. ஏற்கெனவே போட்ட தாருக்கு யாராவது பணம் கட்டித்தானே ஆக வேண்டும்.

“சரி மாமா, எத்தனை அடி தூக்கட்டும்?”

நான் மூன்றரை தூக்கினேன், நீ நாலு தூக்கு என்றேன். போனை வைத்த பிறகு வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்த்தேன். மறுபடி கூப்பிட்டு ஐந்து என்று மாற்றிச் சொன்னேன்.