மக்கும் பைகள்: எந்த முத்திரையை எதற்கு நம்பலாம்?

மக்கும் என்று அச்சிட்ட பையைப் பார்த்தால், எவ்வளவு சூட்டில் மக்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பைக்குப் பை விடை மாறுகிறது.

ஐரோப்பாவின் இஎன் 13432, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6400, இந்தியாவின் ஐஎஸ் 17088 ஆகிய மூன்று தரநிலைகளும் ஒரே குடும்பம். மூன்றும் தொழிற்சாலை அளவிலான உரக்கிடங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 58 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் நுண்ணுயிரிகளால் சிதைய வேண்டும். ஐரோப்பாவில் நாற்றுச் சின்னமும் 'ஓகே கம்போஸ்ட் இண்டஸ்ட்ரியல்' முத்திரையும் இதற்கே தரப்படுகின்றன. அமெரிக்காவில் பிபிஐ என்ற சான்றளிக்கும் அமைப்பின் முத்திரை. எண்ணெய் ஒட்டாமலிருக்கக் காகிதத் தட்டுகளில் பூசப்படும் ஃபுளோரின் சேர்மங்களை 2020 முதல் பிபிஐ ஏற்பதில்லை. உணவுத் தட்டு என்றால் இதற்காகவே பிபிஐக்கு என் ஓட்டு.

ஆஸ்திரியாவின் டியூவி நிறுவனம் தரும் 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' வேறு ரகம். அதன் சோதனை 20 முதல் 30 டிகிரியில், ஓராண்டு வரை நடக்கிறது. வீட்டு உரத் தொட்டியின் நிலைமைக்கு நெருங்கி வருவது இதுதான். பெரிய குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். மாடித் தொட்டியால் அது முடியாது. சோளமாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கோப்பை அங்கே மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதற்குக் காரணம் இதுவே. அதற்காக வீட்டு முத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2022இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், பிரிட்டன் வீடுகளின் உரத் தொட்டிகளில் போடப்பட்ட இத்தகைய பொருள்களில் 60 சதவீதம் முழுதாகச் சிதையவில்லை.

இந்திய ஏற்பாட்டின் பலம், அது சட்டம் என்பது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் மக்கும் பிளாஸ்டிக் பையை விற்க முடியாது. ஐரோப்பாவின் தனியார் முத்திரைகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் சான்றிதழ் பெற்ற பை, பிரிக்கப்படாத குப்பையோடு குப்பைக் கிடங்குக்குப் போனால் 58 டிகிரி எங்கிருந்து வரும்? மாடித் தோட்டக்காரர்கள் பெருகிவரும் நாட்டில், வீட்டுச் சூட்டில் மக்குவதற்கென்று தனி முத்திரை வேண்டும். எந்தச் சூட்டில், எத்தனை மாதத்தில் மக்கும் என்பதைப் பையிலேயே அச்சிடவும் வேண்டும்.

தரநிலை எண் எதுவும் இல்லாமல் 'பயோடிகிரேடபிள்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ரசாயனம் கலந்து வெறுமனே துகளாக உதிரும் ஆக்ஸோ வகைப் பிளாஸ்டிக்கும் அந்தப் பெயரில் விற்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதை அடியோடு தடைசெய்தது.