மாங்கன்று வாங்க நிற்கிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்: என் 27,500 ரூபாய் போன கதை

27,500 ரூபாய் கொடுத்து எட்டு ஒட்டு மாங்கன்றும் நாலு முந்திரிகைக் (திராட்சை) கன்றும் வாங்கினேன். இன்று என் வளவில் நிற்பது எட்டு மாங்கொட்டை முளையும் நாலு தடியும். முந்தாநாள்தான் விசயம் பிடிபட்டது. கந்தசஷ்டி விரதத்தில் இருப்பதால் வாயால் திட்ட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கன்று வாங்க முதல் பார்க்க வேண்டிய பத்து விடயங்களையும் கடைசியில் தருகிறேன்.

ஆளின் பெயரையோ குழுவின் பெயரையோ போடவில்லை. "பேர் போட்டா அவங்கள் உங்களிலை வழக்குப் போடுவாங்கள் அம்மா" என்று மகன் தடுத்துவிட்டான். கைபேசியில் ஓடும் ஒரு வீட்டுத்தோட்டக் குழு, அதற்குள் கன்று விற்கிற ஒருவர். இவ்வளவு போதும்.

குழு நல்ல குழுதான், அல்லது நான் அப்படி நினைத்திருந்தேன். காலைத் தேத்தண்ணியோடு திறந்தால் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பக்கத்து ஒருவர் பலாப்பிஞ்சைப் படம் எடுத்துப் போட்டிருப்பார். காரைநகரில் ஒரு அக்கா, கிணறு உவர்த்துவிட்டது, கத்தரி கருகுது என்று புலம்புவார். ஊரெழுவில் தூறுகிறது, உங்கள் பக்கம் எப்படி என்று இன்னொருவர் கேட்பார். கனடாவில் இருந்து ஒரு அண்ணை பல்கனிச் சட்டியில் காய்த்த ஆறு பச்சைமிளகாயை ஆறு கோணத்தில் காட்டுவார். சோளகக் காற்று எப்போது விழும், மாதுளங்காய் ஏன் வெடிக்கிறது, முருங்கையில் மயிர்க்கொட்டிக்கு என்ன செய்வது என்று இதே கதைதான் நாள் முழுக்க. கணவர் போன பிறகு எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் குழுவுக்குள் ஆனி மாதமளவில் இந்தக் கன்று விற்கிறவர் வந்தார். வன்னிப் பக்கத்தில் நாற்றுமேடை வைத்திருப்பதாகச் சொன்னார். வந்த உடனே விற்கவில்லை, அங்கேதான் கெட்டித்தனம். யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னார். மாதுளை நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று தண்ணீர் குடித்தால் உள்ளே பருத்துத் தோல் வெடிக்கும், ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள் என்றார். சரியான பதில். என் தேசிமரத்தின் (எலுமிச்சை) இளம் இலைகள் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் படம் எடுத்துப் போட்டேன். உடனே ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, உது நோய் இல்லை. உங்கட பக்கம் அடியில முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு கூட. மண்ணில இரும்புச்சத்து இருந்தாலும் மரத்தால எடுக்க ஏலாது. அடியில குப்பை எருப் போட்டு, மழைத்தண்ணி பிடிச்சு விடுங்கோ. ஒண்டும் வாங்க வேண்டாம்."

ஒண்டும் வாங்க வேண்டாம்! அந்த மூன்று சொல்லில் நான் விழுந்தேன். அந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது, ஒரு சின்னப்பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டது. இவர் நம்மைப் போன்ற ஆள், மண்ணோடு நிற்கிற ஆள் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. புரட்டாசியில் இரண்டு மழை விழுந்து தேசி பச்சையாகத் தளிர்த்தபோது, மழைக்கு நன்றி சொல்லாமல் இவருக்கு நன்றி சொல்லிப் பதிவு போட்டேன். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். அவருக்கு நானே விளம்பரம் செய்து கொடுத்திருக்கிறேன், மொக்கு நான்.

மாங்கன்று ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பின்வளவில் ஐயா வைத்த கறுத்தக்கொழும்பான் ஒன்று நின்றது. 1995 போர் இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, மாமரம் மட்டும் பிஞ்சோடு நின்றது. பழுத்தாலும் தோலில் பச்சை முழுக்கப் போகாது, வெட்டினால் உள்ளே செம்மஞ்சள். ஆச்சி அந்தப் பழத்தைத் தோல் சீவாமல் கையால் உருட்டி உறிஞ்சிச் சாப்பிடுவா. போன மாரியில் ஒரு இரவுக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தை வெறுமையாகப் பார்க்க முடியவில்லை என்று குழுவில் எழுதினேன். அதை வாசித்துவிட்டுத்தான் அவர் எனக்குத் தனியாக எழுதினார்.

"அக்கா, என்னட்டை நல்ல கறுத்தக்கொழும்பான் ஒட்டு நிக்குது. மூண்டு நாலு வருசத்தில காய்க்கும். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, கன்று வந்து சேர்ந்தாப் பிறகு பாப்பம்."

காசு பிறகு என்றதும் எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. ஆறு கறுத்தக்கொழும்பான், இரண்டு அம்பலவி, ஒன்று 2,500 ரூபாய். முந்திரிகைக் கன்று ஆயிரம் படி நாலு. ஏற்றுக்கூலி 3,500. கூட்டிப் பாருங்கள், 27,500 வரும். எட்டு மாங்கன்றுக்கு என் வளவில் எங்கே இடம்? இரண்டு போதும் என்றுதான் தொடங்கினேன். தங்கச்சிக்கு இரண்டு, கோயில் வளவுக்கு இரண்டு என்று அவர் கதைக்கக் கதைக்க எட்டாகிவிட்டது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. லொறிக்காரன் முழுக்காசும் வந்தால்தான் ஏத்துவன் எண்டு நிக்கிறான். கன்றெல்லாம் ஏத்த ரெடியா வெயிலுக்க கிடக்குது, வாடப்போகுது." கன்று வாடப்போகிறது என்றால் தோட்டக்காரருக்குத் தாங்குமா? மகனை எழுப்பிக் கைபேசியிலேயே காசு அனுப்பச் சொன்னேன். கணக்கு வேறு ஒருவருடைய பெயரில் இருந்தது. "என்ர மச்சான்ர கணக்கு அக்கா, என்ர காட் பழுதாப் போச்சு" என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் "அனுப்பு" என்றேன். 27,500 ரூபாய், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நாலு நாள் கழித்து, இரவு எட்டரைக்கு, பிரதான வீதிச் சந்தியில் பார்சல் லொறி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. லொறிக்காரருக்கு ஒன்றும் தெரியாது, பைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புப் பொலித்தீன் பைகள், மண்ணில் இருந்து ஒரு சாண் உயரத்தில் எல்லாக் கன்றிலும் ஒட்டு நாடா வடிவாகச் சுற்றியிருந்தது. முந்திரிகையில் நாலைந்து இலை துளிர்த்திருந்தது. குழுவில் படம் போட்டு, "சொன்னபடி வந்து சேர்ந்தது, நன்றி தம்பி" என்றும் எழுதினேன். இதை நினைக்கத்தான் இப்போது வயிறு எரிகிறது.

மூன்றடி ஆழக் குழிகள், செம்மண்ணுக்குக் கீழே கல்லு வந்து அலவாங்கு போட்டு வெட்டியது, வெட்டியவருக்குக் கொடுத்த கூலி, மாட்டெரு, எல்லாம் 27,500க்கு வெளியே. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முந்தாநாள் காலை பூப்பறிக்கப் போனபோது, இரவுக் காற்றில் ஒரு மாங்கன்றின் நாடா அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டு ஆடிவிடும், திரும்பக் கட்டுவோம் என்று குனிந்தேன். நாடாவுக்குக் கீழே ஒட்டு இல்லை. ஒட்டுக்கன்று என்றால் கீழ்க்கட்டையைப் பிளந்து, மேல்கொம்பை ஆப்பு மாதிரிச் சீவி உள்ளே இறக்கியிருப்பார்கள். பொருந்தின பிறகும் அந்த இடம் மொத்தித்துத் தழும்பாக நிற்கும், கீழே ஒரு பட்டை மேலே ஒரு பட்டையாக நிறமும் கொஞ்சம் மாறும். இங்கே அடியில் இருந்து நுனி வரை ஒரே வழுவழுப்பான தண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் பிளேட்டால் கீறிய கோடு, நகத்தின் நீளம்கூட இல்லை. அதுவும் காய்ந்து ஆறிவிட்டது. நாடா சுற்றின இடம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

ஓடிப்போய் மற்ற ஏழு கன்றின் நாடாவையும் அவிழ்த்தேன். ஐந்தில் அந்தக் கீறல்கூட இல்லை, சும்மா சுற்றியிருக்கிறார்கள். எங்கேயோ தின்று எறிந்த கொட்டையை முளைக்கவைத்து, நாடா சுற்றி, 2,500 ரூபாய். கொட்டைக்கன்று காய்க்க ஆறேழு வருடமாவது போகும், காய்த்தாலும் என்ன மாங்காய் வரும் என்று ஆருக்குத் தெரியும்? எனக்கு 61 வயது.

பிறகு முந்திரிகையை இழுத்துப் பார்த்தேன். இழுக்கக்கூட வேண்டாம், தொட்டதும் கையோடு வந்தது. வேரே இல்லை. வெட்டின தடியை மண்ணில் குத்தினால் தடியில் இருக்கும் சத்தை வைத்தே முதலில் துளிர்க்கும், வேர் விட்டால்தான் பிழைக்கும். அந்தத் துளிரைக் காட்டித்தான் எனக்கு ஆயிரம் ரூபாய்க்குத் தந்திருக்கிறார்.

படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "இடம் மாறினாக் கன்று கொஞ்சம் சோரும் அக்கா, பயப்பிடாதேங்கோ." நான் சோர்வைப் பற்றிக் கேட்கவே இல்லை! ஒட்டு எங்கே என்று திரும்பக் கேட்டேன். "நல்லாப் பொருந்தினா அடையாளம் தெரியாது அக்கா." மூன்று கிழமையில் தழும்பே இல்லாமல் பொருந்துகிற ஒட்டு! முந்திரிகை? "உங்கட சுண்ணாம்புத் தண்ணிதான் வேரை அழிச்சிருக்கும்." எனக்கு அவர் சொல்லித்தந்த பாடத்தை எனக்கே திருப்பி அடித்தார். சரி, காசைத் தாரும் தம்பி என்றேன். "மச்சானோட கதைச்சுப்போட்டு நாளைக்கு எடுக்கிறன்" என்றார். மத்தியானம் எடுத்தேன், பஸ்ஸில் நிற்கிறாராம். பின்னேரம் எடுத்தேன், ஒரு பொம்பிளைப்பிள்ளை எடுத்து "பிழையான நம்பர்" என்றது. பின்னால் அதே சேவல் கூவியது. சத்தியமாக அதே சேவல். இரவில் இருந்து என் அழைப்பு போகவே இல்லை.

குழுவில் எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். குழுவை நடத்துகிறவர் தனியாக எழுதினார்: "அக்கா, இது நட்புக் குழு. கொடுக்கல் வாங்கல் பிரச்சினையை உள்ளுக்குக் கொண்டுவராதேங்கோ." விற்கும்போது உள்ளே, ஏமாறினால் வெளியே. என் பதிவு இருந்த இடத்துக்குக் கீழே ஒரு செம்பருத்திப் படமும் "இனிய காலை வணக்கம்" என்ற வாழ்த்தும் வந்து நின்றன. தனியாக மூன்று பேர் எழுதினார்கள். ஒருவருக்கு விலாட்டு மாங்கன்று என்று சொல்லி இதே நாடா வேலை, 10,000 ரூபாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெக்கமாக் கிடந்தது அக்கா" என்றா. நான் நன்றி சொல்லிப் போட்ட படத்தைப் பார்த்தபோது தனக்கு மட்டும்தான் பிழைத்துவிட்டது என்று நினைத்தாவாம்.

வங்கியில், நீங்களாக அனுப்பிய காசு, நாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதினேன். எழுதியவர் "மாங்கன்றுக்கோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மாங்கன்றுக்குத்தான் ஐயா, 27,500 ரூபாய்.

பத்து விடயம் என்று சொன்னேன். பத்தும் எழுத இப்போது பொறுமை இல்லை. நாடாவை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வாங்காதீர்கள். வெளிச்சத்தில் வாங்குங்கள். வேறு ஒருவருடைய கணக்குக்குக் காசு போடாதீர்கள். முந்திரிகை, மல்லிகை மாதிரித் தடிக்கன்று என்றால் பையின் அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். கன்றில் சந்தேகம் இருந்தால் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற நம்பருக்கு எடுத்துக் கேளுங்கள், நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977 இருக்கிறது. நான் இரண்டையும் முதலே செய்யவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க் கையால் தொட்டு வாங்கியிருக்கலாம், பதினைந்து நிமிடப் பயணம். போகவில்லை.

எட்டு முளையையும் பிடுங்கி எறியத்தான் நேற்றுப் போனேன். அம்மா விடவில்லை. "அது என்ன பாவம் செய்தது, நிக்கட்டும்" என்று செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றா. 84 வயது அவவுக்கு. நானும் விட்டுவிட்டேன்.

இதே சேவல் சத்தத்தோடு, "ஒண்டும் வாங்க வேண்டாம் அக்கா" என்று தொடங்குகிற குரல் பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் முறைப்பாட்டுக்குப் பலம் இருக்கும் என்று மகன் சொல்கிறான். வெக்கப்படாதீர்கள், நான் 27,500 ரூபாயை இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் உடுப்புக் கிடக்கிறது, பிறகு வருகிறேன்.