கிரெடிட் மாற்றம்: ஒப்பந்த வழியா, பாடவாரி மதிப்பீடா?

பட்டப்படிப்பின் நடுவே கல்லூரி மாற நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. இரு கல்லூரிகளும் முன்பே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மாறுவது ஒன்று. விரும்பிய கல்லூரிக்கு விண்ணப்பித்து, முடித்த பாடங்களை ஒவ்வொன்றாக மதிப்பிடச் சொல்வது மற்றொன்று. நான் ஒப்பந்த வழியில் மாறியவன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பாடவாரி மதிப்பீட்டில்தான் அதிகம் என்பதை மறுக்க முடியாது. பழைய மதிப்பெண் சராசரியோ, இரண்டில் எந்த வழியில் போனாலும், பெரும்பாலும் புதிய கல்லூரிக்கு நம்மோடு வராது.

நான் முதன்மையாகப் பார்த்தது, ஏற்கப்படும் கிரெடிட் (ஒரு பாடத்தின் படிப்பளவைக் குறிக்கும் அலகு) பட்டத்தின் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படும் என்பதைத்தான். பாடவாரி மதிப்பீட்டில் ஒரு புள்ளியியல் பாடத்தின் 4 கிரெடிட்டும் முழுமையாக ஏற்கப்படலாம். ஆனால் அதன் பாடத்திட்டம் தங்கள் கட்டாயப் பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்று புதிய துறை கருதினால், அது விருப்பப் பாடமாகப் பதிவாகும், மாணவர் அதே புள்ளியியலை மறுபடி கட்டணம் கட்டிப் படிக்க நேரும். சான்றிதழில் கிரெடிட் குறையாமல் இருக்கும், பட்டம் மட்டும் தள்ளிப்போகும். காலாண்டு முறையிலிருந்து செமஸ்டர் முறைக்கு மாறுவோருக்கு இன்னொரு இடறலும் உண்டு: கிரெடிட் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குவதால், 4 கிரெடிட் பாடம் ஏறத்தாழ 2.67 ஆகி, 3 கிரெடிட் கேட்கும் கட்டாயப் பாடத்துக்கு மயிரிழையில் எட்டாமல் போகும். (இந்தக் குறையைச் சில துறைகள் கண்டுகொள்வதில்லை, சில விடுவதேயில்லை.)

ஒப்பந்தத்தின் இணைப்பில், பழைய பாட எண் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு ஈடான புதிய பாட எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு, எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் மிஞ்சும் என்பதைச் சேருவதற்கு முன்பே என்னால் கணக்கிட முடிந்தது. ஆனால் அந்த உறுதி பெரும்பாலும் குறிப்பிட்ட துறைக்கும் குறிப்பிட்ட சேர்க்கை ஆண்டுக்கும் உரியது. இடையில் துறையை மாற்றினால் பாடவாரி மதிப்பீட்டுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கும். நான் படித்தது வணிகவியல் என்பதால், ஆய்வகப் பாடங்களுக்கும் ஒப்பந்தம் இதே அளவு கைகொடுக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தம் இல்லாத கல்லூரிதான் வேண்டும் என்போர், ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியான பாடத்திட்டம், பாடநூல் பட்டியல், தேர்வு முறை ஆகியவற்றைப் பழைய கல்லூரியை விட்டு விலகுமுன் வாங்கி வைக்க வேண்டும். மேல்முறையீட்டில் எடுபடுபவை அவைதான். மதிப்பீட்டு முடிவில் 'ஏற்கப்பட்டது' என்பதோடு, எந்தக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக என்பதும் எழுத்தில் வந்த பிறகே சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டலாம்.